சார்ந்திருத்தல் இழிவன்று, சார்பை மறைத்தலே இழிவு

"இயங்குகிறதல்லவா, பிறகென்ன?" என்னும் கேள்வி கணிப்பொறித் துறையில் நெடுங்காலமாக ஒரு விடையாகவே வழங்கி வருகிறது. லினக்ஸ் கெர்னலுக்கு இயக்கிகள் எழுதுவோரிடையே இதன் செல்வாக்குப் பெரிது. ஓர் இயக்கி வேலை செய்ய வேறோர் இயக்கி முன்னதாக வந்திருக்க வேண்டும். அத்தேவையை உரிய இடத்தில் எழுதி வைக்க வேண்டியதில்லை, எப்படியேனும் அது முந்தி வந்துவிடுமாறு பார்த்துக்கொண்டால் போதும் என்பது இக்கேள்விக்குள் ஒளிந்திருக்கும் கொள்கை. இக்கொள்கையை நாம் முற்றாக மறுக்கிறோம். சார்ந்திருப்பதில் எவ்வகை இழிவும் இல்லை. சார்ந்திருந்துகொண்டே சாராதது போல நடிப்பதுதான் இழிவு. அந்நடிப்பின் விலையை நடிப்பவர் கொடுப்பதில்லை, பின்னால் வரும் யாரோ ஒருவர் கொடுக்கிறார் என்பதே நம் வழக்கு.

இலக்கியம் பேசுமிடத்தில் இவ்வாராய்ச்சி எதற்கு என்று சிலர் வினவக்கூடும். கெர்னல் என்பது ஆயிரக்கணக்கானோர் எழுதி, ஆயிரக்கணக்கானோர் படித்து, ஓயாது திருத்தி வரும் ஒரு நூல். அதன் ஓர் உறுப்பு மற்றோர் உறுப்பைச் சார்ந்து நிற்குமாயின், அச்சார்பை எங்கே, எவ்வாறு சொல்வது என்பது எழுத்து முறை பற்றிய கேள்வி. இலக்கணம் பயின்ற நமக்கு அக்கேள்வி அயலானதன்று.

முதலில் பொருளைத் தெளிவு செய்துகொள்வோம். ஒரு பென்டிரைவைக் கணிப்பொறியில் செருகுகிறோம். அதிலுள்ள கோப்புகள் திரையில் தோன்றுவதற்குள் கெர்னலில் ஒரு வரிசையே எழுந்து நிற்க வேண்டியிருக்கிறது. யூஎஸ்பி சேமிப்பு இயக்கி அப்பென்டிரைவை ஒரு ஸ்கஸி வட்டாகக் கெர்னலுக்குக் காட்டுகிறது. ஆகவே அது யூஎஸ்பியின் மையக் கூற்றையும் ஸ்கஸியின் மையக் கூற்றையும் சார்ந்தது. வட்டிலுள்ள கோப்பமைப்பு விஃபேட் எனில், அது ஃபேட் என்னும் அடிப்படைக் கூற்றைச் சார்ந்தது. கோப்புப் பெயர்களைப் படிக்க ஓர் எழுத்துக் குறிமுறை அட்டவணையும் வேண்டும். இவை ஒவ்வொன்றும் மாட்யூல் எனப்படும் தனிக் கோப்பாக இருக்கக்கூடும். வேண்டும்போது கெர்னலுக்குள் ஏற்றலாம், வேண்டாதபோது இறக்கலாம்.

இவ்வேற்றத்தை முறைப்படுத்துவதற்கு நல்லதோர் ஏற்பாடு உண்டு. டெப்மாட் என்னும் நிரல் எல்லா மாட்யூல்களையும் திறந்து பார்க்கிறது. எந்த மாட்யூல் எந்தச் செயற்கூறுகளைப் பிறருக்கு வழங்குகிறது, எந்த மாட்யூல் எவற்றை வேண்டி நிற்கிறது என்று கண்டு ஒரு பட்டியல் எழுதி வைக்கிறது. மாட்புரோப் என்னும் நிரல் அப்பட்டியலைப் படித்து, முதலில் வரவேண்டியதை முதலில் ஏற்றுகிறது. இன்ஸ்மாட் என்னும் பழைய எளிய நிரலோ பட்டியலைப் பார்ப்பதே இல்லை. கொடுத்த கோப்பை ஏற்ற முயலும், வேண்டிய செயற்கூறு கிட்டாவிடில் மறுத்துவிடும். டெப்மாட் எழுதும் பட்டியலின் சிறப்பு யாதெனில், அதில் பொய் புக வழியில்லை. சார்பை எவரும் கையால் எழுதுவதில்லை. எழுதப்பட்ட நிரலே தன் சார்பைச் சொல்லிவிடுகிறது.

ஆனால் எல்லாச் சார்பும் இவ்வளவு வெளிப்படையாக நிற்பதில்லை. மேற்சொன்ன எழுத்துக் குறிமுறை அட்டவணையையே எடுத்துக்கொள்வோம். 437 என்னும் குறியீட்டுப் பக்கத்துக்குரிய அட்டவணை தனி மாட்யூல். விஃபேட் அதன் செயற்கூறு எதையும் நேரடியாக அழைப்பதில்லை. பென்டிரைவை இணைக்கும் நொடியில் பெயரை ஒரு சொற்கோவையாகக் கட்டி, அப்பெயருடைய மாட்யூலைக் கொணர்க என்று கேட்கிறது. டெப்மாட் இதைக் காண முடியாது. கெர்னலைப் புதுப்பித்துவிட்டுக் கணிப்பொறியை மறுதொடக்கம் செய்யாதிருக்கும் வேளையில், பழைய மாட்யூல்கள் வட்டிலிருந்து நீங்கிவிட்டனவாயின், விஃபேட் ஏற்கெனவே நினைவகத்தில் இருந்தாலும் இணைப்பு தோற்கும். குறியீட்டுப் பக்கம் காணப்படவில்லை என்றொரு வரி பதிவேட்டில் எழுதப்படும். பயனரோ பென்டிரைவ் பழுதாயிற்று என்று எண்ணுவார். அவர்மேல் என்ன பிழை?

தமிழிலக்கணம் சார்பு என்னும் கருத்தை எவ்வாறு கையாண்டது என்று ஈண்டுச் சிறிது நோக்குவோம். தொல்காப்பியர் முதலெழுத்து 30 என்று எண்ணியபின், சார்ந்து வருவன 3 என்று தனியே வகுத்தார். நன்னூலார் சார்பெழுத்தை 10 வகையாக்கி, உட்பிரிவுகளோடு 369 என்று கணக்கிட்டார். எண்ணிக்கையில் வேறுபட்டாலும் இருவரும் ஒன்றில் ஒத்தனர். சார்பெழுத்து என்று சொன்னதோடு நில்லாமல், அது எதனைச் சார்ந்து வரும் என்பதையும் விதியாக்கினர். முன்னே ஒரு குற்றெழுத்தும் பின்னே ஒரு வல்லின உயிர்மெய்யும் இருந்தாலன்றி ஆய்தம் இல்லை. எஃகு என்னும் சொல்லைக் காண்க. ஒரு நூற்பா முன்னர்ச் சொன்ன மற்றொரு விதியை நோக்கிச் செலுத்துமாயின், உரையாசிரியர்கள் அதனை மாட்டேறு என்று பெயர் சொல்லியே காட்டிச் சென்றனர். சார்பெழுத்து என்பது வசைச்சொல்லாக ஒருபோதும் வழங்கியதில்லை. எதனைச் சார்ந்தது என்று சொல்லாமல் விடுவதே குறைபாடாக எண்ணப்பட்டது.

கெர்னலில் இக்குறைபாடு ஐந்து வேடங்களில் உலவுகிறது. ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதல் வேடம் வரிசை. மாட்யூலாக இல்லாமல் கெர்னலோடு சேர்த்தே கட்டப்படும் இயக்கிகள், தொடக்கத்தில் படிநிலை வரிசையில் எழுப்பப்படுகின்றன. மையப் பகுதிகள் முதலில், உள்ளமைப்புகள் அடுத்து, சாதன இயக்கிகள் அதன்பின், எஞ்சியவை இறுதியில். வழக்கமாக ஓர் இயக்கி நிற்க வேண்டிய இடம் சாதனங்களுக்குரிய ஆறாம் படி. ஆனால் ஐ2சி பாட்டை இயக்கிகள் பல, நான்காம் படியில் தம்மைப் பதிவு செய்துகொண்டன. ஏனெனில் மின்னழுத்தத்தை ஒழுங்கு செய்யும் சில்லு அப்பாட்டையில் தொங்குகிறது. அச்சில்லு எழாவிடில் பிற சாதனங்கள் எழமாட்டா. காரணம் நியாயமானதே. ஆனால் நிரலைப் படிப்பவருக்குத் தெரிவது என்ன? இவ்வியக்கி முந்திக்கொண்டது என்பது மட்டுமே. யாருக்காக முந்திற்று, முந்தாவிடில் யார் வீழ்வர் என்னும் செய்தி எங்கும் இல்லை. பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போன்ற ஏற்பாடு இது. துண்டு தெரிகிறது, ஆள் தெரிவதில்லை.

ஒரே படிக்குள் யார் முந்துவது என்பதை மேக்ஃபைலில் வரிகள் அமைந்த வரிசை முடிவு செய்கிறது. கெர்னலின் இயக்கிகள் அடைவிலுள்ள மேக்ஃபைலைத் திறந்து பாருங்கள். ஜிபிஐஓ, பின்கட்டுப்பாட்டுக்குப் பின்னர்தான் வரவேண்டும் என்பது போன்ற செய்திகள் அங்கே குறிப்புரைகளாக எழுதப்பட்டிருக்கும். எழுதியவர் நேர்மையாளர், காரணத்தையாவது சொன்னார். எனினும் குறிப்புரையைக் கணிப்பொறி படிப்பதில்லை. அவ்வரியை ஒருவர் அகர வரிசைப்படி அடுக்கி அழகு செய்தால் எந்தக் கருவியும் அவரைத் தடுக்காது. எங்கோ ஒரு மூலையில் ஒரு பலகை எழாமல் கிடக்கும்.

இரண்டாம் வேடம் மறுமுயற்சி. 2012-இல் வெளிவந்த 3.4 கெர்னலில் ஒத்திவைப்பு என்னும் முறை வந்தது. தனக்கு வேண்டிய கிளாக்கோ ரெகுலேட்டரோ இன்னும் வரவில்லையெனில், இயக்கி 517 என்னும் பிழையெண்ணைத் திருப்பி அனுப்பலாம். இப்போது முடியாது, பின்னர் வருக என்பது அதன் பொருள். கெர்னல் அச்சாதனத்தை ஒரு காத்திருப்போர் பட்டியலில் வைக்கிறது. வேறு எந்தச் சாதனமாவது வெற்றியுடன் எழுந்தால், பட்டியலிலுள்ள அனைவரையும் மீண்டும் அழைத்துப் பார்க்கிறது. படிகளில் முண்டியடிக்கும் வழக்கத்தை இது பெருமளவு குறைத்தது என்பதை நாம் மறுக்கவில்லை. சிறிய மாற்றம், பெரிய பயன்.

ஆயினும் இது சார்பைச் சொல்லும் முறையன்று. சார்பைச் சொல்லாமலே சமாளிக்கும் முறை. காத்திருக்கும் இயக்கி, யாருக்காகக் காத்திருக்கிறேன் என்று கெர்னலிடம் தெரிவிப்பதில்லை. ஆகவே தொடர்பற்ற ஏதோ ஒன்று எழும்போதும் எல்லாரும் எழுப்பப்படுகிறார்கள், மீண்டும் படுக்க வைக்கப்படுகிறார்கள். வரவேண்டியவர் வரவே போவதில்லையெனில், காத்திருப்பவர் பேசாமல் காத்துக்கொண்டே இருப்பார். திரை இருண்டிருக்கும், பதிவேட்டில் ஒரு சொல்லும் இராது. காத்திருப்பின் காரணத்தைச் சேர்த்து எழுதிவைக்கும் பொதுவான செயற்கூறு ஒன்று கெர்னலுக்கு வாய்த்தது 2020-இல். காத்திருக்க எட்டு நொடி போதும், காரணம் சொல்ல எட்டு ஆண்டுகள் பிடித்தன. மேலும், இம்முறை எழுவதை மட்டுமே கவனித்தது. கணிப்பொறியை உறங்க வைக்கும்போது, சார்ந்தவர் முதலில் உறங்க வேண்டும், தாங்குபவர் பின்னர் உறங்க வேண்டும். தாங்குபவரின் இயக்கியை நீக்கினால் சார்ந்தவரையும் முன்னரே விடுவிக்க வேண்டும். யார் யாரைச் சார்ந்தவர் என்று எழுதி வைக்காத ஓரமைப்பு இவற்றை எவ்வாறு அறியும்?

அறியாது என்பதால்தான் 2017-இல் வந்த 4.10 கெர்னலில் சாதன இணைப்பு என்னும் முறையைச் சேர்க்க வேண்டியதாயிற்று. இவர் நுகர்பவர், அவர் வழங்குபவர் என்று இரு சாதனங்களுக்கிடையே வெளிப்படையாக ஓர் இணைப்பு வரையப்படுகிறது. எழுதல், உறங்கல், நீங்கல் ஆகிய மூன்றுக்கும் அவ்வொரு செய்தியே போதும். இன்னும் வியப்பு என்னவெனில், கைப்பேசிகளிலும் சிறு பலகைகளிலும் வழங்கும் சாதன மரக் கோப்பில் இச்சார்புகள் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தன. இன்ன சாதனத்துக்கு இன்ன கிளாக், இன்ன ரெகுலேட்டர் என்று கோப்பு சொல்லிக்கொண்டே இருந்தது. கெர்னல்தான் அதனை வரிசைக்காகப் படிக்காதிருந்தது. அச்செய்தியிலிருந்து இணைப்புகளைத் தானே வரையும் ஏற்பாடு 2021-இல் இயல்பு நிலையாயிற்று. அவ்வாண்டு முதலில் முனைந்தபோது சில பலகைகள் எழாமல் தடுமாறியதால் பின்வாங்கி, திருத்தி, மீண்டும் கொணர்ந்தனர். அத்தடுமாற்றத்தைக் காட்டி, பார்த்தீர்களா, சொல்லாதிருந்ததே நன்று என்று வாதிட்டோர் உண்டு. நாம் அதனை எதிர்மறையாகவே படிக்கிறோம். இத்தனைக் காலம் சொல்லப்படாதிருந்த பொய்ச் சார்புகளும் சுழற்சிகளும் சொல்லத் தொடங்கியதும் வெளியே வந்தன. விளக்கேற்றியதால் குப்பை உண்டாவதில்லை.

மூன்றாம் வேடம் வற்புறுத்தல். கெர்னலில் எந்தெந்தப் பகுதிகள் இடம்பெற வேண்டும் என்பதைத் தேர்வு செய்ய கேகான்ஃபிக் என்றொரு சிறுமொழி உண்டு. 2002 முதல் வழக்கில் இருப்பது. அதில் ஒரு சார்பை இருவகையாகச் சொல்லலாம். இன்னது இருந்தால்தான் நான் தோன்றுவேன் என்பது ஒருவகை. நான் வந்தால் இன்னதையும் இழுத்துக்கொண்டே வருவேன் என்பது மற்றொரு வகை. இரண்டாவது, பயனருக்கு எளிது. ஆனால் அவ்வாறு இழுத்து வரப்படும் பகுதிக்கே வேறு தேவைகள் இருக்குமாயின், அவை நிறைவேறினவா என்று இவ்வகை பார்ப்பதில்லை. விருந்துக்கு ஒருவரைக் கையைப் பிடித்து இழுத்து வருகிறோம். அவர் வீட்டில் அடுப்பில் உலை கொதிக்கிறதா என்று கேட்பதில்லை. கெர்னலின் ஆவணமே இதனைக் கவனத்தோடு கையாளுமாறும், தனக்கெனச் சார்பு இல்லாதவற்றுக்கு மட்டும் பயன்படுத்துமாறும் அறிவுறுத்துகிறது. எனினும் வசதி கருதி எங்கும் இழுக்கிறார்கள். தற்போக்கான தேர்வுகளைக் கொண்டு கெர்னலைக் கட்டிச் சோதிப்போர், இவ்வாறு உடைந்த கட்டுமானங்களைத் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள். ஒருவரின் வசதி மற்றொருவரின் நாள்தோறும் செய்யும் துப்புரவுப் பணி ஆகிறது.

அதே மொழியில் சார்பை நுட்பமாகச் சொல்வதற்கும் வழி இருக்கிறது என்பதைக் காட்டாமல் விட்டால் நாம் நடுநிலை தவறியவராவோம். 'அது இருக்கட்டும், அல்லது அது இல்லாதிருக்கட்டும்' என்று பொருள்படும் ஒரு வரி கேகான்ஃபிக் கோப்புகளில் அடிக்கடி வரும். புதிதாகப் படிப்போர் இது வீண்சொல் என்று நகைப்பர். உண்டு, இல்லை என்னும் இரண்டே நிலைகள் இருக்குமிடத்தில் அது வீண்சொல்தான். ஆனால் ஈண்டு நிலைகள் மூன்று: கெர்னலோடு சேர்ந்திருத்தல், மாட்யூலாக இருத்தல், இல்லாதிருத்தல். அவ்வரி சொல்வது இதுதான்: அது இல்லாவிடில் எனக்குத் தடையில்லை, அது மாட்யூலாக இருந்தால் நானும் மாட்யூலாகவே இருப்பேன். நிலையாக இருப்பவர், வந்து போகிறவரைச் சார்ந்து நிற்க முடியாது என்னும் உண்மையை ஒரே வரியில் அடக்கிய நூற்பா அது. சொல்ல முனைந்தால் சொல்ல முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நான்காம் வேடம் பெயர் சொல்லித் தேடல். முன்னர்க் கண்ட குறியீட்டுப் பக்கத்தின் கதை இவ்வகை. அதனினும் கொடியது எக்ஸ்ட்4 கோப்பமைப்பின் கதை. எக்ஸ்ட்4 தன் உள்தரவுகளின் பழுதின்மையைச் சரிபார்க்க சிஆர்சி32சி என்னும் கணக்கைப் பயன்படுத்துகிறது. அக்கணக்கைச் செய்யும் மாட்யூலை அது நெடுங்காலம் நேரே அழைக்கவில்லை. கிரிப்டோ பகுதியிடம் பெயரைச் சொல்லிக் கேட்டுப் பெற்று வந்தது. ஆகவே டெப்மாட் பட்டியலில் இச்சார்பு ஏறவில்லை. கணிப்பொறி எழும்போது, வட்டைப் படிக்கும் இயக்கி அவ்வட்டிலேயே கிடக்கும் சிக்கலைத் தீர்க்க, தேவையான மாட்யூல்களை மட்டும் கட்டிய ஒரு தொடக்கப் பொதி நினைவகத்தில் ஏற்றப்படும். அப்பொதியைக் கட்டும் கருவிகள் நம்பியிருப்பது டெப்மாட் பட்டியலையே. பட்டியலில் இல்லாதது பொதியில் எவ்வாறு வரும்?

2018-இல் எக்ஸ்ட்4 நிரலில் ஒரு திருத்தம் வந்தது. சரிபார்ப்பு வசதி இல்லாத கோப்பமைப்பாயினும், அக்கணக்கியை எப்போதும் கேட்டுப் பெறுமாறு அது மாற்றப்பட்டது. பொதியில் சிஆர்சி32சி இல்லாத கணிப்பொறிகள் தம் முதன்மை வட்டையே இணைக்க முடியாத நிலை தோன்றிற்று. அதற்குச் செய்த தீர்வு ஒரே வரி. இம்மாட்யூல் எனக்கு முன்னதாக வேண்டும் என்று மென்சார்பாக அறிவிக்கும் வரி. அவ்வாறு அறிவிக்கும் வசதி 2013 முதலே கெர்னலில் இருந்தது என்பதை மறக்கலாகாது. ஐந்தாண்டுகள் வாயில் திறந்தே கிடந்தது. 2025-இல் எக்ஸ்ட்4 இக்கணக்கை ஒரு நூலகச் செயற்கூறாக நேரே அழைக்கும் நிலைக்கு வந்தது. மறைந்த சார்பு, கையால் எழுதிய சார்பாகி, இறுதியில் நிரலே தன்னை உரைக்கும் சார்பாயிற்று. நாம் வேண்டுவது இவ்வழியைத்தான். நம் வருத்தம், ஒரு கணிப்பொறி எழாமல் கிடந்த பின்னரே முதலடி எடுத்துவைக்கப்பட்டது என்பது.

ஐந்தாம் வேடம் பினாமி. மேற்கண்ட நான்கிலும் சோம்பலோ மறதியோ இருந்தது. இதில் கருத்து இருக்கிறது. கெர்னலின் சில செயற்கூறுகள் ஜிபிஎல் உரிமத்தோடு இசைந்த மாட்யூல்களுக்கு மட்டுமே வழங்கப்படுகின்றன. மூடிய மாட்யூலுக்கு அவை வேண்டுமெனில் இடையில் ஒரு சிறு மாட்யூலை நிறுத்துவது வழக்கமாயிற்று. அது தன்னை ஜிபிஎல் என்று அறிவித்துக்கொள்ளும். ஒரு கையால் கெர்னலிடம் பெறும், மறு கையால் மூடிய மாட்யூலோடு கொடுக்கல் வாங்கல் செய்யும். 2020-இல் வந்த 5.9 கெர்னல் இதற்கு ஒரு தடை போட்டது. மூடிய மாட்யூலின் செயற்கூற்றைப் பயன்படுத்தும் மாட்யூல் தானும் மூடியதாகவே கொள்ளப்படும் என்பது அவ்விதி. உடனே வேறு வழி தேடப்பட்டது. ஏற்றும்போது தெரியும் சார்பாக வைக்காமல், ஓடும்போது பெயர் சொல்லிச் செயற்கூற்றைப் பெறும் முறையால் தடையைக் கடந்தனர். 2023-இல் 6.6 கெர்னல் அவ்வழியையும் ஜிபிஎல் செயற்கூறுகளுக்கு மட்டும் என்று சுருக்கிற்று. இவ்வரலாற்றில் நாம் காண்பது உரிமச் சண்டை மட்டுமன்று. நான்காம் வேடத்தில் வசதிக்காகத் திறந்துவைத்த அதே பின்கதவு வழியாகத்தான் ஐந்தாம் வேடத்தார் நுழைந்தனர்.

சார்பை யார் பதிவு செய்ய வேண்டும் என்பதிலும் கெர்னல் ஒரு பாடம் கற்றிருக்கிறது. ஒரு மாட்யூலை இறக்குமுன், அதனை எவரேனும் பயன்படுத்துகிறார்களா என்று ஓர் எண்ணிக்கை பார்க்கப்படும். 2.4 கெர்னலில் மாட்யூல்கள் தம் எண்ணிக்கையைத் தாமே கூட்டிக்கொண்டன. அழைப்பு மாட்யூலுக்குள் நுழைந்த பின்னர்தான் எண்ணிக்கை கூடும். நுழைந்ததற்கும் கூட்டியதற்கும் இடையிலான நொடியில் அம்மாட்யூல் இறக்கப்பட்டால், நின்றுகொண்டிருக்கும் தளமே காலடியிலிருந்து நழுவும். ரஸ்டி ரஸ்ஸல் 2002-இல் மாட்யூல் ஏற்றும் பகுதியை மாற்றி எழுதினார். 2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னலில் இம்முறை திருந்தியிருந்தது. உள்ளே நுழையப் போகிறவர், நுழையுமுன்பே, நான் உன்னைச் சார்கிறேன் என்று பதிவு செய்ய வேண்டும். பதிவு மறுக்கப்பட்டால் நுழையக் கூடாது. சார்பவரே, சாரும் முன்பே சொல்ல வேண்டும் என்னும் அறம் அன்றே நிலைநாட்டப்பட்டது. எண்ணிக்கைக்கு ஏற்ற அறம் வரிசைக்கும் தேர்வுக்கும் ஏலாதா?

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம். சாதனங்களோ கணக்கற்றவை, எது எப்போது செருகப்படும் என்று முன்னரே அறிய முடியாது, ஆகவே முயன்று பார்த்துக் காத்திருப்பதே ஒரே வழி என்பர் சிலர். வருகை முன்னறிய முடியாதது என்பது உண்மை. தேவை முன்னறிய முடியாதது என்பது உண்மையன்று. ஒரு திரை இயக்கியை எழுதுபவருக்கு, தனக்கு ஒரு கிளாக்கும் ஒரு ரெகுலேட்டரும் வேண்டும் என்பது எழுதும்போதே தெரியும். அவர்கள் எப்போது வருவார்கள் என்பதை அவர் சொல்ல வேண்டியதில்லை. யார் வேண்டும் என்பதைச் சொன்னால் போதும்.

கையால் எழுதிய சார்புகள் நாளடைவில் பொய்யாகும், நீங்கிய சார்பு பட்டியலில் நிலைத்துவிடும் என்பர் வேறு சிலர். இவ்வாதத்தில் வலு உண்டு. இதற்கு விடை எழுதாமல் விடுவதன்று, எழுத வேண்டிய தேவையையே குறைப்பது. நிரலிலிருந்து கருவி தானே கண்டறியும் சார்பே முதன்மை. நேரே அழைக்கக் கூடியதை நேரே அழைக்க வேண்டும். அவ்வாறு இயலாத இடத்தில் மட்டும் கையால் எழுத வேண்டும். பழைய பட்டியலின் மிகையால் ஒரு மாட்யூல் வீணே ஏறும், சிறிது நினைவகம் போகும். எழுதாமையால் கணிப்பொறியே எழாது. இரண்டும் ஒரே எடையுள்ள குற்றங்கள் அல்ல.

எல்லாவற்றையும் கெர்னலுக்குள்ளேயே கட்டிவிட்டால் இத்தொல்லை இராது என்பது மூன்றாம் வாதம். கட்டிவிட்டால் சார்பு மறைகிறதேயன்றி அழிவதில்லை. டெப்மாட் பட்டியலில் இருந்த செய்தி மேக்ஃபைலின் வரி வரிசைக்குக் குடிபெயர்கிறது. முதல் வேடத்தில் நாம் கண்ட இடம் அதுவே.

வெளிப்படையாகச் சொல்வதால் விளையும் பெருநன்மை ஒன்றையும் இவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. இரு மாட்யூல்கள் ஒன்றையொன்று சார்ந்து நின்றால் டெப்மாட் அச்சுழற்சியைப் பெயர் சொல்லிக் காட்டி, பிழை என்று அறிவிக்கும். எழுதியவர் இருவருக்கும் பொதுவான பகுதியைப் பிரித்து மூன்றாவது மாட்யூலாக்குவார். அமைப்பு சீர்படும். அதே சுழற்சி, பெயர் சொல்லித் தேடும் வழியிலோ ஒத்திவைப்பிலோ ஒளிந்திருந்தால், அவன் வரட்டும் என்று இவனும், இவன் வரட்டும் என்று அவனும் காத்திருப்பர். அறிவிப்பு சங்கடத்தைத் தருகிறது என்று தள்ளுவோர், மருத்துவரிடம் நோயைச் சொல்லக் கூசுவோரை ஒத்தவர்.

இறுதியாக, விலை கொடுப்பவர் யார் என்னும் முதற்கேள்விக்குத் திரும்புவோம். இயக்கியை எழுதியவரின் மேசையில் இருக்கும் கணிப்பொறி எழுந்துவிடுகிறது. அவர் எண்ணிய வரிசை அவரிடம் பொருந்துகிறது, அவர் இழுத்து வந்த பகுதி அவர் தேர்வில் ஏற்கெனவே இருக்கிறது. பொருந்தாமல் போவது வேறிடத்தில். பழைய பலகையில் புதிய கெர்னலை ஏற்றுபவரிடம், நினைவகம் குறைந்த கணிப்பொறிக்கு வேண்டாதவற்றைக் களைந்து கெர்னலைக் கட்டுபவரிடம், பத்தாண்டுக்குப் பின் அவ்வியக்கியைப் பேணும் பொறுப்பை ஏற்றுக்கொள்பவரிடம். லினக்ஸ் என்பது மலிவான, பழைய, புறக்கணிக்கப்பட்ட கருவிகளுக்கும் வாழ்வளிக்கும் என்று நாம் பெருமையாகச் சொல்லி வந்திருக்கிறோம். மறைத்த சார்பு முதலில் வீழ்த்துவது அக்கருவிகளைத்தான்.

ஆகவே நம் வேண்டுகோள் மிக எளியது. ஓர் இயக்கி கெர்னலில் சேர்க்கப்படுமுன் அதனை ஆய்வோர், இயங்குகிறதா என்று கேட்பதோடு நில்லாமல், இது எதனைச் சார்ந்தது, அச்சார்பு எந்த வரியில் எழுதப்பட்டிருக்கிறது என்றும் கேட்க வேண்டும். படியை உயர்த்தி முந்திக்கொள்ளும் ஒவ்வொரு திருத்தமும் யாருக்காக என்று விடை சொல்ல வேண்டும். இழுத்துவரும் ஒவ்வொரு வரியும், இழுக்கப்படுபவரின் தேவைகளை அறிந்து எழுதப்பட்டதா என்று பார்க்கப்பட வேண்டும். பெயர் சொல்லித் தேடும் இடந்தோறும் அருகிலேயே ஒரு மென்சார்பு வரி இருக்க வேண்டும். இவற்றுள் எதற்கும் புதிய கருவி வேண்டியதில்லை. 2013-க்கும் 2021-க்கும் இடையில் வேண்டிய கருவிகள் அனைத்தும் வந்து சேர்ந்துவிட்டன. இல்லாதது, எழுதும் மனம் ஒன்றே.